நிமிர்ந்து நீந்திய மீன்கள்

இரண்டாம் நாள் காலை, 21 மில்லிகிராம் என்று சீட்டு ஒட்டியிருந்த தொட்டியில் ஏழு மீன்களும் நிமிர்ந்து நீந்திக்கொண்டிருந்தன. முந்தைய நாள் மாலையில் அவற்றில் ஐந்து மீன்கள் சமநிலை இழந்து, பக்கவாட்டில் சாய்ந்து, அடித்தளத்தில் கிடந்தன. செவுள் மூடிகளின் அசைவு ஒன்றே அவை உயிரோடு இருப்பதைக் காட்டியது. என்னோடு பணியிலிருந்த பயிற்சியாளர், "சார், எல்லாம் தேறிவிட்டன" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பதிவேட்டில் 'அறிகுறிகள் நீங்கின, இயல்பான நீச்சல்' என்று எழுதிவிட்டு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தேன். அந்தத் தேறுதலுக்கு என்ன காரணம் என்று அப்போதே கேட்டிருந்தால் எதற்கும் உதவாத துன்பத்திலிருந்து சில மீன்களாவது தப்பியிருக்கும். பல ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்தக் காலை நினைவில் இருப்பதற்கு அதுவே காரணம்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது நன்னீர் மீன்களுக்கான குறுகிய கால நச்சுத்தன்மைச் சோதனை. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 203-ஆம் எண் வழிகாட்டி இதன் நடைமுறையை வகுத்துள்ளது. 1981-இல் முதலில் வெளிவந்த அது 1992-இலும் 2019-இலும் திருத்தப்பட்டிருக்கிறது. வேதிப்பொருளைக் குறைந்தது ஐந்து செறிவுகளில் நீரில் கலந்து, ஒவ்வொன்றிலும் ஏழு மீன்களுக்குக் குறையாமல் விட்டு, 96 மணி நேரம் கவனிக்க வேண்டும். வேதிப்பொருள் சேராத கட்டுப்பாட்டுத் தொட்டி ஒன்றும் உடன் இருக்கும். அடுத்தடுத்த செறிவுகளுக்கு இடையிலான விகிதம் 2.2-ஐத் தாண்டக்கூடாது. ஆகவே 100-இல் தொடங்கினால் 46, 21, 9.4, 4.3 எனத் தொட்டிகள் அமையும். எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. மீன்களில் பாதி இறக்கக்கூடிய செறிவைக் கணக்கிட்டுச் சொல்வதே சோதனையின் முடிவு. எல்சி50 என்று நாங்கள் அழைப்பது அந்த ஒற்றை எண்ணைத்தான்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது முழுக்க முழுக்கக் கண்ணால் பார்க்கும் வேலை. செவுள் அசைவு உட்பட எந்த அசைவும் தெரியாமல், வால்துடுப்புக்கு முன்னுள்ள ஒடுங்கிய பகுதியைக் கண்ணாடிக் குச்சியால் மெல்லத் தொட்டாலும் எதிர்வினை இல்லையென்றால் அந்த மீன் இறந்ததாகக் கொள்ளப்படும். அதற்கு முன்னரே மீன் பலவற்றைக் காட்டிவிடுகிறது. நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடுவது, கூட்டத்திலிருந்து விலகி மூலையில் நிற்பது, சுழன்று சுழன்று நீந்துவது, உடல்நிறம் கறுப்பது, நிழல் பட்டால்கூட விலகாமல் இருப்பது என ஒவ்வொன்றையும் நேரத்தோடு பதிவு செய்கிறோம். சாவின் விளிம்பிலுள்ள மீனை அடையாளம் கண்டு அதன் துன்பத்தைச் சுருக்குவதற்காக, 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த அறிகுறிகளை மிக விரிவாகப் பதியச் சொல்கிறது. வழிகாட்டியின் மாற்றங்களில் நான் மனப்பூர்வமாக வரவேற்றது இதைத்தான். வேதனைப்படும் உயிரை மணிக்கணக்கு முடிவதற்காகக் காக்க வைப்பது எனக்கு ஒருபோதும் ஒப்பியதில்லை.

அன்று எங்களிடம் இருந்த பொருள், வேறு பொருள்களைத் தயாரிக்கும் வழியில் இடைப்பொருளாகப் பயன்படும் ஒரு கரிமத் திரவம். நீரில் ஓரளவு கரையும், எளிதில் ஆவியாகும். இத்தகைய பல திரவங்கள் மீனின் உடலில் எந்த ஒரு குறிப்பிட்ட உறுப்பையும் குறிவைத்துத் தாக்குவதில்லை. செவுள் வழியே புகுந்து, செல்களின் கொழுப்புப் படலங்களில் கரைந்து, நரம்புகளின் இயக்கத்தை மந்தப்படுத்துகின்றன. மயக்க மருந்து செய்வதைப் போன்ற செயல்தான். இந்த மயக்கத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சுற்றியுள்ள நீரில் பொருள் குறைந்தால் உடலிலிருந்தும் அது செவுள் வழியே வெளியேறுகிறது, மீன் தெளிகிறது. செறிவு மாறாத நீரில் கிடக்கும் மீன் ஒரே இரவில் தெளிவதற்கு வாய்ப்பு குறைவு. அதாவது, அந்த ஐந்து மீன்களும் தெளிந்த நிலையில் எங்களுக்குச் சொன்ன செய்தி, 'நாங்கள் வலுவானவர்கள்' என்பதன்று. 'நீங்கள் எழுதி ஒட்டிய பொருள் இந்தத் தண்ணீரில் இப்போது இல்லை' என்பதே.

அந்தச் செய்தியைப் படிக்கத் தவறிச் சோதனையைத் தொடர்ந்தோம். நான்காம் நாள் முடிவில் 46-லும் 100-லும் எல்லா மீன்களும் இறந்திருந்தன. 21-லும் அதற்குக் கீழும் ஒன்றும் இறக்கவில்லை. இப்படி ஒரு செறிவில் யாவும் பிழைத்து அடுத்ததில் யாவும் இறக்கும்போது, இரண்டுக்கும் இடையிலான பெருக்குச் சராசரியே, அதாவது இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் எண்ணே, தோராயமான விடை. அந்தக் கணக்கில் 31 வந்தது. கட்டுப்பாட்டுத் தொட்டியில் எல்லா மீன்களும் நலம். வெப்பநிலை, ஆக்சிஜன் எல்லாம் வரம்புக்குள் இருந்தன. ஒழுங்காக முடிந்த சோதனை என்று நினைத்தேன்.

நாள்தோறும் தொட்டிகளிலிருந்து எடுத்து அனுப்பிய நீர் மாதிரிகளின் அளவீடு, மீன்களை அப்புறப்படுத்திய பிறகே கைக்கு வந்தது. 21 என்று சீட்டு ஒட்டிய தொட்டியில், மீன்களை விட்ட நேரத்திலேயே அதில் பாதிக்கும் குறைவாகத்தான் பொருள் இருந்திருக்கிறது. 24 மணி நேரம் கழித்து ஏறக்குறைய 2 மட்டுமே மிஞ்சியிருந்தது. அளந்த செறிவு, கலந்ததாகச் சொல்லும் செறிவிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் விலகினால், முடிவை அளந்த செறிவை வைத்தே சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் மணிக்கு மணி சரிந்துகொண்டே வந்த ஒரு செறிவுக்கு எந்த எண்ணைச் சூட்டுவது?

பொருள் போன வழியைத் தேட அதிக நேரம் ஆகவில்லை. நன்றாகக் கரையட்டும் என்று, தொட்டிகளுக்குப் பிரித்து ஊற்றுவதற்கான மூலக் கரைசலை இரவு முழுவதும் மூடாத பாத்திரத்தில் கலக்கியிருந்தோம். பிறகு, மீன்களுக்கு மூச்சுத் திணறக்கூடாதே என்று எல்லாத் தொட்டிகளிலும் காற்றுக் குமிழிகளை விட்டிருந்தோம். நீரில் கரைந்த ஆக்சிஜன், காற்றோடு சமநிலையில் இருக்கும் அளவின் 60 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது. 23 டிகிரி செல்சியஸில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம். ஆக்சிஜனை உள்ளே கொண்டுவந்த குமிழிகளே திரவத்தை ஆவியாக வெளியே சுமந்து சென்றன. முதல் நாள் அறைக்குள் நுழைந்தபோது மூக்கில் பட்ட இலேசான நெடியை நான் பொருட்படுத்தவில்லை. இன்று, சோதனை அறையில் நெடி வந்தால், தொட்டியில் இருக்க வேண்டியது வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றுதான் என் கை முதலில் மாதிரிக் குப்பியைத் தேடும்.

31 என்ற எண் அப்படியே அறிக்கையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது பலமுறை எண்ணிப் பார்த்தேன். ஐக்கிய நாடுகள் அமைப்பு வகுத்த வேதிப்பொருள் வகைப்பாட்டில், நீர்வாழ் உயிர்களுக்கான உடனடித் தீங்கு மூன்று படிகளாகப் பிரிக்கப்படுகிறது: எல்சி50 மதிப்பு 1 மில்லிகிராமுக்கு மேற்படாதவை முதல் படி, அதற்கு மேல் 10 வரை இரண்டாம் படி, 10-க்கு மேல் 100 வரை மூன்றாம் படி. எங்கள் 31 அந்தப் பொருளை மூன்றாம் படியில், அதாவது இம்மூன்றில் தீங்கு குறைந்ததாகக் கருதப்படும் இடத்தில் உட்கார வைத்திருக்கும். ஒரு கலத்திலிருந்து கொட்டிய திரவம் ஓடையில் கலந்தால் எவ்வளவு தொலைவுக்கு மீன்கள் சாகும் என்று கணிப்பவர், கழிவுநீரை எந்த அளவுக்குச் சுத்திகரித்துவிட வேண்டும் என்று வரம்பு வைப்பவர் எல்லாரும் அந்த எண்ணை நம்பித்தான் தொடங்குவார்கள். ஆற்று நீரில் நாங்கள் விட்ட குமிழிகள் இருக்காது.

மறுபடியும் செய்வது என்று முடிவெடுத்தபோது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது வீணான நேரமன்று. கட்டுப்பாட்டையும் சேர்த்து ஆறு தொட்டிகள், தொட்டிக்கு ஏழு என்று நாற்பத்திரண்டு மீன்கள் இன்னொரு முறை வேண்டும். முதல் சோதனை மீன்களில் இறந்தவையும் சாய்ந்து கிடந்தவையும் பட்ட துன்பம் எந்த விடைக்கும் உதவாமல் போயிற்று. இந்தப் பணியில் இருப்பவர்கள் மீன்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறார்கள் என்பது என் கவனிப்பு. பேச வேண்டும் என்றே நினைக்கிறேன். இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள வரிக்குதிரை மீனும் வலிக்கு விலகுகிறது என்பதை நாள்தோறும் கண்ணால் காண்பவர்கள் நாங்கள்தான்.

இம்முறை மீன்களே இல்லாத தொட்டிகளில் தொடங்கினோம். கண்ணாடிக் கலங்களை விளிம்பு வரை நிரப்பி, இடையில் காற்று நிற்காதபடி மூடி, குமிழி விடாமல் வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து அளந்தோம். மூலக் கரைசலையும் மூடிய பாத்திரத்தில் தயாரித்தோம். 24 மணி நேரம் வரை செறிவு 20 விழுக்காட்டு எல்லைக்குள் நின்றது. அதற்கு மேல் மெல்ல இறங்கியது. ஆகவே நாள்தோறும் புதிய கரைசலை மாற்றிக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். மூடிய கலத்தில் ஆக்சிஜன் போதுமா என்பது அடுத்த கேள்வி. லிட்டருக்கு 0.8 கிராமுக்கு மேல் மீன் எடை கூடாது என்பது வரம்பு. நாங்கள் அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக வைத்து, பெரிய கலங்களைப் பயன்படுத்தினோம். வேதிப்பொருள் சேராத மூடிய கலத்தில் மீன்களை ஒரு நாள் வைத்துப் பார்த்தபோது ஆக்சிஜன் எல்லைக்குக் கீழே போகவில்லை.

இரண்டாவது சோதனையில் 9.4 தொட்டியில் முதல் நாள் மாலையே மீன்கள் சாய்ந்தன. மறுநாள் காலையில் அவை நிமிரவில்லை. 4.3 தொட்டியில் சிலவற்றின் நீச்சல் மந்தமானதே தவிர ஒன்றும் இறக்கவில்லை. அளந்த செறிவுகளும் எழுதிய செறிவுகளும் ஒத்துப்போயின. விடை 6.4 என்று வந்தது. முதலில் கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு. பொருள் இரண்டாம் படிக்கு நகர்ந்தது.

ஆவியாதல் ஒன்றே நீர் நம்மை ஏமாற்றும் வழி என்று சொல்ல மாட்டேன். அமோனியாவை எடுத்துக்கொண்டால், மொத்த அளவு மாறாமலே, 25 டிகிரியில் நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7-இலிருந்து 8-க்கு ஏறும்போது, செவுளை எளிதில் கடக்கும் மின்னேற்றமற்ற வடிவம் ஏறத்தாழ ஒன்பது மடங்காகிறது; மீன் மூச்சுவிடும் கரியமில வாயுவே தொட்டியின் பிஎச்சைக் கீழே இழுக்கக்கூடியது. செம்பின் நச்சோ கடின நீரில் தணிந்து, மென்னீரில் கூர்மையாகிறது. நீரைப் பற்றிய விவரம் இல்லாத எல்சி50 எண்ணை நான் இப்போது படிப்பதே இல்லை.

முழு மீன்களுக்குப் பதிலாக வரிக்குதிரை மீன் கருக்களைப் பயன்படுத்தும் 236-ஆம் வழிகாட்டி 2013-இலும், வானவில் டிரவுட் மீனின் செவுளிலிருந்து பெற்று ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்வரிசையைப் பயன்படுத்தும் 249-ஆம் வழிகாட்டி 2021-இலும் வந்துவிட்டன. இவை பரவலாக ஏற்கப்பட்டு, வளர்ந்த மீன்களைக் கொல்லாமலே விடை சொல்லும் நாள் விரைவில் வர வேண்டும் என்பது என் ஆழ்ந்த விருப்பம். ஆனால் அங்கே கலம் இன்னும் சிறியது. செல்களை வளர்க்கும் நெகிழித் தட்டின் குழியில் விட்ட ஒரு துளி, ஆவியாகியும் நெகிழியில் ஒட்டிக்கொண்டும் தொட்டியைவிட விரைவில் மறையும். செல் சாய்ந்து காட்டாது, நிமிர்ந்தும் காட்டாது. அளக்காமல் விட்டால் அங்கே எச்சரிக்க யாரும் இல்லை.

இப்போதெல்லாம் புதிய பொருள் எதுவாக இருந்தாலும், முதல் நான்கு நாள்கள் எங்கள் சோதனை அறையில் வெறும் நீரும் வேதிப்பொருளும் மட்டுமே இருக்கும். அன்று மகிழ்ந்து சொன்ன அதே பயிற்சியாளர்தான் இன்று அந்த மாதிரிகளை எடுக்கிறார். அளவீடு வரும் வரை மீன்கள் அடுத்த அறையில், பழக்கப்படுத்தும் தொட்டியில், தீவனம் தூவும் கையைக் கண்டதும் கூட்டமாக மேலே வருகின்றன.