டியூனிங் குமிழ்

கண்காட்சி மேசையில் ஒரு டிரான்ஸ்சீவர்: ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் பெட்டி. அலைவரிசையை மாற்றும் அதன் பெரிய குமிழை மெல்லச் சுற்றிவிட்டேன். விரலை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் தானாகவே சுழன்றது. அந்தக் கனம் எந்தப் படத்திலும் தெரியாது.

7 மெகாஹெர்ட்ஸ். இரைச்சலுக்கு அடியில் மெல்லியதாக ஒரு மோர்ஸ் ஒலி.

"100 வாட் செட்டையே எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் திருப்பிக் கேட்டார்: "ஆன்டெனா என்ன போட்டிருக்கிறீர்கள்?"

"ஜன்னலோரம் ஒரு சின்னக் கம்பி."

"சரி, முதலில் 20 மீட்டர் கம்பியை நடுவில் வெட்டி இரு பக்கமும் நீளும் டைபோல் ஆன்டெனாவாக உயரத்தில் கட்டுங்கள். அப்புறம் அலையைத் திருப்பி அனுப்ப வானம் ஒத்துழைத்தால் 5 வாட்டே கடல் தாண்டும்."

விற்க வந்தவர் சொன்னது இது! இந்த ஹாம் உலகத்தில் எல்லோருமே யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவர்கள்தானே.

கம்பியும், அதை ரேடியோவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளும் மட்டும் வாங்கி வந்தேன். விரலில் அந்தக் குமிழ் இன்னும் சுற்றுகிறது.