குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது

பள்ளிப்பட்டில் மாமா வைத்திருந்த மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் போவோம். ஆனால் பங்குனி பிறந்துவிட்டால் பாரதக் கூத்துதான் எங்களுக்குப் பெரிய வேலை. ஒரே ஊரில் பத்து ராத்திரி, சில ஊர்களில் பதினெட்டு ராத்திரி. பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

அந்த ஊர்களில் பாதி ஆந்திரத்தில் இருந்தன. 1911-இல் வடார்க்காட்டைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் உண்டாக்கினார்கள். 1953-இல் அது ஆந்திர மாநிலத்தோடு போனது. 1960-இல் திருத்தணி இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்கு, வந்தது. நகரியும் புத்தூரும் அங்கேயே நின்றுவிட்டன. கூத்தாடும் ஜமாக்காரர்களுக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே இல்லை. திரௌபதி அம்மன் கோயிலை எங்கள் பக்கம் தர்மராஜா கோயில் என்போம். அந்தக் கோயில் எங்கே இருக்கிறதோ அங்கே கூத்து உண்டு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் விடிய விடியத் தமிழ் விருத்தம் கேட்பார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் மட்டும் இரண்டு பாஷையிலும் பேசிச் சிரிக்க வைப்பார்.

பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்லுவார். அதற்கு ஒரு மைக் போதும். ராத்திரிக் கூத்துக்குத்தான் கை பழக வேண்டும். பந்தல் குறுக்குக் கம்பிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிடுவோம். ராஜா வேஷம் கட்டும் கட்டை வேஷக்காரர் தலையில் பெரிய கிரீடம் இருக்கும், தோளில் புஜக்கட்டை இருக்கும். மைக் தாழ்ந்தால் அவர் சுழலும்போது கிரீடம் இடிக்கும். உயர்ந்தால் பாட்டு போய்ச் சலங்கைச் சத்தம்தான் கேட்கும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் கூவ ஆரம்பித்துவிடும். திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதே வாத்தியாரை நிற்கச் சொல்லி, கிரீடத்துக்கு மேல் ஒரு சாண் விட்டுக் கயிற்றைக் கட்டுவேன். முதல் வருஷம் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அதைவிடச் சுலபம் என்று நினைத்தேன். நான்கு சவுக்குக் கம்பம், நான்கு குழாய். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று விழாக் கமிட்டியார் சொல்லுவார்கள். சொன்னபடி கட்டிவிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

அந்த இடத்திலிருந்து பார்த்தால் கூத்து பாதிதான் தெரியும், ஜனங்கள் முழுசாகத் தெரிவார்கள். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வேஷக்காரர் பாடிக்கொண்டே தபசு மரத்தில் ஏறுவார். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோடு கீழே மடியேந்தி நிற்பார்கள். மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழும். மடியில் பழம் விழுந்த பெண்ணின் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவனுக்கு, கூத்தை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல மனசு வராது. மழை இல்லாத வருஷம் என்றால் விராட பருவத்தை விட்டுவிடாமல் வைக்கச் சொல்லுவார்கள். அது படித்தால் மழை வரும் என்பது ஊர் நம்பிக்கை. விசைத்தறிக்காரர்கள் அந்த ராத்திரிகளில் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்காருவார்கள். தறி நின்றால் கூலி இல்லை. அது தெரிந்துதான் வருவார்கள்.

நகரிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். கோயில் தெருவுக்குள் வராமல் மூலையிலேயே நின்று கூப்பிட்டார்.

"நைனா, எங்க பக்கம் ஒரு கொழாயத் திருப்பி விடுவியா? எங்க அண்ணன் படுத்த படுக்கையா கெடக்கறாரு. பாரதம் முழுக்க அவருக்கு மனப்பாடம்."

ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியைக் கையால் காட்டினார். அப்போதுதான் என் நான்கு குழாயும் எங்கெங்கே பார்க்கின்றன என்று நானே கவனித்தேன். ஒன்று கோயில் தெரு, ஒன்று மெயின் ரோடு, ஒன்று மாந்தோப்பு வீடுகள், ஒன்று அலங்கார வளைவு. வளைவுக்கு அப்பால் வெறும் கழனி. காலனி பக்கம் ஒன்றுமே இல்லை.

கமிட்டியாரிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த நாளும் கேட்டேன், அதே பதில். மாமாவிடம் சொன்னேன். "சொன்ன இடத்துல கட்டுறதுதான் நம்ம வேலை, அப்புறம் அடுத்த வருஷம் ஆர்டர் வராது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த ஒரு மாசத்து வருமானத்தில்தான் எங்கள் கடை ஓடியது.

கர்ண மோட்சம் வந்தது. மனைவி பொன்னுருவி கர்ணனைப் பார்த்து நீ என்ன குலம், உன் பிறப்பு என்ன என்று கேட்கிற கட்டம். அன்றைக்குக் கர்ணன் வேஷம் கட்டியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். யுத்தத்துக்குப் போகும் நேரத்தில் மனைவியிடம் இப்படிப் பேச்சு வாங்குகிறோமே என்று அவர் விருத்தம் எடுத்தபோது முகவீணை கூட நின்றுவிட்டது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் எழுந்தேன். வளைவுப் பக்கத்துக் கம்பத்தில் ஏறி, கட்டுக்கம்பியைத் தளர்த்தி, கழனியைப் பார்த்திருந்த குழாயை ஏரிப் பக்கம் திருப்பிக் கட்டினேன். இறங்கும்போது கை நடுங்கியது. ஆம்ப்ளிஃபயரில் ஒரு பிடி கூட்டி வைத்தேன். நல்லவேளை, கூவவில்லை.

விடிந்ததும் கமிட்டித் தலைவர் டீக்கடையில் என்னைப் பார்த்தார்.

"ராத்திரி காலனி வரைக்கும் கேட்டுச்சாமே?"

"ஆமாங்க. நான்தான் திருப்பினேன்."

அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு கிளாஸை வைத்துவிட்டு, "சரி, தீமிதி வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

மறு வருஷமும் அந்த ஊர் ஆர்டர் எங்களுக்கே வந்தது. குழாய் ஐந்து வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.