அண்ணன் பெயரில் கார், ஓட்டுவது நான்

கார் வாங்கி நான்கு வருடம் ஆகும்வரை அதன் இன்ஷூரன்ஸ் தாளை நான் படித்ததில்லை. களியக்காவிளை சோதனைச்சாவடியில் ஒரு முறை போலீஸ்காரர் கேட்டபோது எடுத்து நீட்டியிருக்கிறேன். அவரும் முடிகிற தேதியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தாளில் வாசிக்க வேண்டியது அந்தத் தேதி ஒன்றுதான் என்று நானும் இருந்துவிட்டேன்.

கார் அண்ணன் பெயரில் இருக்கிறது. 2020 நவம்பரில் ஊரில் இருந்தபோது வாங்கி, மார்த்தாண்டத்தில் பதிந்து, டிஎன் 75 என்று எண் பலகை மாட்டிவிட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டான். 1197 சிசி பெட்ரோல் வண்டி. அன்றிலிருந்து ஓட்டுவது நான். பள்ளிக்கூடம், அம்மாவின் சர்க்கரைப் பரிசோதனை, மைனியின் வீட்டு விசேஷங்கள், திருவனந்தபுரம் விமான நிலையம் என்று எல்லாவற்றுக்கும் நான்தான்.

2024 நவம்பரில் புதுப்பிக்கும் நேரம் வந்தது. ஏஜென்ட் அண்ணாச்சி வேறொரு கம்பெனியின் கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். “டீச்சர், போன வருடத்தைவிடக் குறைவு. ஃபுல் கவர். பணத்தை அனுப்பினால் போதும்.” அன்று மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. வீட்டில் கரண்டும் இல்லை. வேறு வேலை இல்லாததால்தான் பழைய பாலிசியின் ஷெட்யூலையும் (அதன் விவரத் தாளையும்) புதிய கொட்டேஷனையும் திண்ணையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அறிவுத் தாகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

‘ஃபுல் கவர்’ என்ற சொல் இரண்டு தாள்களிலும் எங்கும் இல்லை. ‘பேக்கேஜ்’ என்றுதான் இருந்தது. அதற்குள் முக்கியமாக இரண்டு பிரிவுகள். முதலாவது நம் வண்டிக்கு ஏற்படும் சேதம். இரண்டாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்பு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இந்த இரண்டாவதை மட்டும்தான். அதற்கு எங்கள் சிசி அளவுக்கு 3,416 ரூபாய். எந்தக் கம்பெனியிலும் இதே தொகைதான். மற்றவரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இவ்வளவுதான் என்ற வரம்பு இல்லை. அவர்களுடைய பொருளுக்கு ஏழரை லட்சம் வரை. இந்த மட்டும் எளிதாகப் புரிந்துவிட்டது.

அடுத்து ஐடிவி. வண்டி திருடு போனாலோ, சரி செய்ய முடியாதபடி நொறுங்கினாலோ கம்பெனி கணக்கில் எடுத்துக்கொள்ளும் மதிப்பு அது. தயாரிப்பாளரின் விலைப் பட்டியலில் ஏழு லட்சம் இருந்த வண்டிக்கு, மூன்று முதல் நான்கு வருடத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் கழித்து 4,20,000 போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே அடமானம் என்ற வரியில் வங்கியின் பெயர். கடனை அண்ணன் 2023-லேயே அடைத்துவிட்டான்! வங்கியின் தடையின்மைச் சான்றும், அடமானம் நீக்குவதற்கான 35-ஆம் எண் படிவமும் மைனியின் பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஆர்டிஓ அலுவலகத்துக்கு அவற்றை யாரும் கொண்டுபோகவில்லை. நாளை வண்டி முற்றாக நொறுங்கினால் இழப்பீடு முதலில் அந்த வங்கியைத் தேடித்தான் போகும்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது என்சிபி வரி. கிளெய்ம் கேட்காமல் கழிந்த வருடங்களுக்கான தள்ளுபடி அது. முதல் வருடம் 20, பிறகு 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம் என்று ஏறும். பழைய ஷெட்யூலில் 35 இருந்தது. புதியதில் 45. ஆனால் அந்த வருடம் ஜூன் மாதம் திங்கள்நகர் சந்தையில் பின்னால் எடுக்கும்போது நான் ஒரு கல்தூணில் இடித்து, ஒர்க்‌ஷாப் வழியாகக் கிளெய்ம் வாங்கியிருந்தேனே! ஒரு கிளெய்ம் வந்தால் தள்ளுபடி பூஜ்யத்துக்கு இறங்கிவிட வேண்டும். ஒர்க்‌ஷாப்பே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதால் அண்ணாச்சிக்கு அது தெரியாது. 35-க்கு அடுத்தது 45 என்று அவர் போட்டுவிட்டார்.

குறைவாக இருக்கிறதே, இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. ஆனால் கீழே பொடி எழுத்தில் ஓர் உறுதிமொழி இருந்தது. கிளெய்ம் இல்லை என்று சொன்னது தவறு என்று தெரிந்தால், முதல் பிரிவின் பலன்கள் முழுவதும் பறிபோகும். புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டால் ஒரு நாளில் தெரிந்துவிடும்.

அந்தக் கிளெய்மின் கணக்கையும் அன்றுதான் போட்டுப் பார்த்தேன். மொத்த பில் 7,400 ரூபாய். அதில் பம்பர் 4,200. பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதிதான் தருவார்கள் என்பதால் 2,100 போயிற்று. பெயின்ட் அடித்த 2,000 ரூபாயில் கால் பங்கைப் பெயின்ட்டின் விலையாகக் கொண்டு, அதிலும் பாதி, அதாவது 250 கழித்தார்கள். 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் கட்டாயம் ஏற்க வேண்டிய 1,000 ரூபாய் வேறு. ஷெட்யூலில் ‘ஐஎம்டி 22’ என்று மொட்டையாக ஓர் எண் நிற்கிறதே, அதன் பொருள் இதுதான். கைக்கு வந்தது 4,050. இப்போது சொந்தச் சேதப் பிரிமியம் 8,000 ரூபாயில் 45 சதவீதத் தள்ளுபடி போனால் 3,600, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 4,248. நாலாயிரம் ரூபாய் வாங்கி, நாலாயிரத்துச் சொச்சம் தொலைத்திருக்கிறேன். அடுத்த வருடம் மீண்டும் 20-லிருந்து ஏற வேண்டும் என்பது தனி.

பிறகு தனிநபர் விபத்துப் பகுதிக்கு வந்தேன். ‘உரிமையாளர்-ஓட்டுநர்’, 15 லட்சம். இத்தனை வருடம் அந்த ஓட்டுநர் நான் என்று நினைத்திருந்தேன். இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருந்த சிறு கோட்டை நான் கவனிக்கவே இல்லை. அது ஒரே ஆள். ஆர்சி புத்தகத்தில் பெயருள்ளவர், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். தினமும் ஓட்டுகிற எனக்கு அதில் ஒரு பைசா இல்லை. பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கு என்று ஒரு சிறு தொகை இருந்தது. அது பக்கத்தில் உட்கார்ந்து வரும் அம்மாவுக்கு, எனக்கு அல்ல. மூன்றாம் நபர் என்று சொல்லிக் கேட்கவும் வழியில்லை. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில்தான் நிற்கிறார் என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லியிருக்கிறது.

மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, உன் இந்திய லைசென்ஸ் எப்போது முடிகிறது?”

“எடுத்துப் பார்க்கிறேன் பிள்ளே.” சற்று நேரம் சத்தம் இல்லை. “2022-லேயே முடிந்துவிட்டது.”

ஆக, ஊரில் இல்லாத, லைசென்ஸும் இல்லாத ஒருவருக்காக இரண்டு வருடம் விபத்துக் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறோம். சில நூறு ரூபாய்தான். ஆனாலும் அண்ணன் அதைத்தான் பெரிதாகப் பேசினான். பதினைந்து லட்சம் எனக்கு இல்லை என்பதை மைனிதான் கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்படியானால் வண்டியை உன் பெயருக்கே மாற்றிவிடலாமே,” என்றார் மைனி. முன்பும் ஒரு முறை இந்தப் பேச்சு வந்தது. அப்போது அண்ணாச்சி தடுத்தார். என்சிபி வண்டியோடு வருவதில்லை, ஆளோடு இருப்பது. பெயர் மாற்றினால் அண்ணன் சேர்த்த தள்ளுபடி எனக்கு வராது என்று அவர் சொன்னது சரிதான். இப்போது அந்தத் தடையே இல்லை. தள்ளுபடியைத்தான் கல்தூணில் இடித்து நானே பூஜ்யமாக்கிவிட்டேனே.

அண்ணாச்சியை வீட்டுக்கு வரச் சொன்னேன். குடையை மடக்கிக்கொண்டு வந்து, கட்டஞ்சாயா குடித்தபடி எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை. “இவ்வளவையும் யார் வாசிக்கிறார்கள் டீச்சர்?” என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கொட்டேஷனை என்சிபி பூஜ்யமாகத் திருத்தினார். உரிமையாளர் விபத்துக் காப்பீட்டை, லைசென்ஸ் இல்லை என்று எழுதிக் கொடுத்து நீக்கிவிட்டு, பெயர் குறிப்பிட்ட நபருக்கான விபத்துக் காப்பீட்டை, ‘ஐஎம்டி 15’ என்ற எண்ணில், என் பெயருக்குச் சேர்த்தார். பெயர் மாற்றும்வரை அது இருக்கட்டும் என்று.

மழை அப்போதும் பெய்துகொண்டிருந்ததால் எஞ்சின் பேச்சும் வந்தது. 2021 நவம்பரில் குழித்துறைத் தாமிரபரணி கரை மீறியபோது எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கார் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் அவர் ஆசையாகச் சாவியைத் திருகினார். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி ராடு வளைந்துவிட்டது. வெள்ளம் பாலிசியில் உண்டு. ஆனால் தண்ணீர் ஏறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வெள்ளத்தின் சேதம் அல்ல என்று கம்பெனி சொல்லிவிட்டது. இருக்கைக்கும் தரை விரிப்புக்கும் பணம் வந்தது, எஞ்சினுக்கு வரவில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை ஷெட்யூலில் தனி வரியாக, தனித் தொகையோடு இருந்தால்தான் அது உண்டு. எங்கள் பழைய தாளில் அந்த வரி இல்லை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை விட்டிருந்தோம். சேர்த்தோம். பம்பர் பட்ட பாட்டை நினைத்து, தேய்மானம் கழிக்காத சேர்க்கையையும் எடுத்தோம். மொத்தத்தில் முதல் கொட்டேஷனைவிட நிறையவே கூடியது. அண்ணன் மறுபேச்சில்லாமல் அனுப்பினான்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தான். திருவனந்தபுரத்தில் பெட்டியை டிக்கியில் வைத்ததும், வழக்கம்போலச் சாவிக்குக் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. ஓட்டுநர் விதி என்ற பத்தி, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள எவரும் ஓட்டலாம் என்கிறது. காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டதால் இனி அவன் ஓட்டிக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். “என் வண்டியை நான் ஓட்டக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு இடது பக்கம் உட்கார்ந்தவன், களியக்காவிளை தாண்டும்வரை நான் கியர் மாற்றுவதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தான்.

அந்த விடுமுறையிலேயே அடமானத்தை நீக்கி, 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டு ஆர்சியை என் பெயருக்கு மாற்றினோம். பெயர் மாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். மூன்றாம் நபர் பகுதி சட்டப்படி தானாகவே புதிய உரிமையாளருக்கு வந்துவிடும். சொந்தச் சேதப் பகுதி அப்படி வராது. இரண்டாம் நாளே எழுதினேன். உரிமையாளர்-ஓட்டுநர் காப்பீட்டையும் இப்போது என் பெயரில் கேட்டேன். நாமினி யார் என்று கேட்ட இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன். எதற்கு என்று அம்மாவிடம் விளக்கவில்லை.

ஜனவரியில் புதிய ஷெட்யூல் வந்தது. முதல் வரியிலேயே என் பெயர். இனிஷியல் மட்டும் தவறு. திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன்.