இரவு 10 மணிக்குப் பிறகு: மின்சார வேன் ஹப்பின் வேலை

இணையக் கடைகளின் பார்சல்களைக் கையாளும் ஹப்பில் மின்சார வேன் வந்து நின்றதும் ஓட்டுநரிலிருந்து முதலாளி வரை எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்?" கோலாலம்பூர் வேலையைப் பொறுத்தவரை இதற்கு விடை சுலபம். சிறிய சரக்கு வேனில் 38 யூனிட் பேட்டரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீதத்தைத் தொடாமல் விட்டால் கையில் 32 யூனிட். நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில், ஏசியும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 0.2 யூனிட் செலவாகும். ஆக 160 கிலோமீட்டர். ஷா ஆலாமில் ஏற்றிக்கொண்டு பங்சார், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சுற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாலும் பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். வண்டி மறுநாள் காலையில் நிறைந்து நிற்குமா என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

தூரத்தைவிட ஏசியைக் கவனிக்க வேண்டும். கொண்டோ ஜாகாவிடம் (அடுக்குமாடி வாசல் காவலரிடம்) பெயர் எழுதிக் காத்திருக்கும்போதும், லிஃப்டில் ஏறி இறங்கும்போதும் ஏசி ஓடிக்கொண்டே இருந்தால் மணிக்கு ஒரு யூனிட் போகும். ஒன்பது மணி நேர வேலையில் அது 45 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். வெயிலில் நின்ற வேனுக்குள் திரும்பி ஏறுகிறவரிடம் "ஏசியை அணை" என்று சொல்வது நியாயமாகாது. நிழலில் நிறுத்த இடம் தேடுவதும், கண்ணாடிக்கு நல்ல டிண்ட் ஒட்டுவதும், பின்பக்கச் சரக்கு அறையை ஓட்டுநர் இருக்கையிலிருந்து தடுப்பு வைத்துப் பிரிப்பதும் பலன் தரும். தடுப்பு இல்லாத வேனில் பார்சல்களையும் சேர்த்தே குளிர வைத்துக்கொண்டிருப்போம்.

செலவுக் கணக்கை எங்கே சார்ஜ் செய்கிறோம் என்பதோடு சேர்த்துத்தான் போட வேண்டும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. அந்த விலையில், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் போகும் வேனுக்குக் கிலோமீட்டருக்கு 33 சென் (100 சென் ஒரு ரிங்கிட்). தகுதி பெற்ற சரக்கு வாகனங்களுக்கான மானிய அட்டையில் 2.15-க்கே வாங்கினால் 21 சென். சொந்த ஹப்பில் ஒரு யூனிட் மின்சாரம் ஏறக்குறைய 50 சென் ஆகிறது. சார்ஜ் ஏறும்போது வீணாகும் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 11 சென். அதே வேனை வழியில் உள்ள டிசி விரைவு சார்ஜரில் யூனிட் 1.30 ரிங்கிட்டுக்கு ஏற்றினால் 26 சென் ஆகிவிடும். மானிய டீசல் அதைவிட மலிவு! வேனை வாங்கிவிட்டு ஹப்பில் ப்ளக் போடாமல் "வெளியே பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்கும் நிறுவனங்கள் இங்கேதான் கையைச் சுட்டுக்கொள்கின்றன.

ஹப்பில் எத்தனை சார்ஜர் போடலாம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். பத்து வேன், ஒவ்வொன்றும் நாளுக்கு 20 யூனிட் செலவழிக்கிறது. இழப்போடு சேர்த்து 225 யூனிட். இரவு 10 முதல் காலை 8 வரை பத்து மணி நேரம் இருக்கிறது. சராசரித் தேவை 22, 23 கிலோவாட். ஆனால் பத்து 7 கிலோவாட் சார்ஜரும் மாலை ஏழு மணிக்கு ஒன்றாக இழுக்க ஆரம்பித்தால் 70 கிலோவாட். சின்ன கிடங்குக்கு வரும் 60 ஆம்பியர் மூன்று ஃபேஸ் இணைப்பு தாங்குவது 41 கிலோவாட். இரவு முழுக்க ஓடும் சுமைக்கு அதில் 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அப்படியானால் 33. விளக்கு, கேமரா, ஆபீஸ் ஏசிக்கு 8 போனால் மீதி 25. இருக்கும் மின்சாரத்தை வேன்களுக்குள் பிரித்துக் கொடுக்கும் சுமை பங்கிடும் முறையில் சார்ஜர்களை இணைத்துவிட்டால் இருக்கும் இணைப்பிலேயே வேலை நடந்துவிடும். பங்கிடாமல் போட்டால் மின் நிறுவனமான தெனாகா நேஷனலிடம் இணைப்பைப் பெரிதாக்கக் கேட்டு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நேரத்தை வைத்துக் கட்டணம் கட்டும் இணைப்புகளுக்கு, 2025 ஜூலை முதல் திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை கட்டணம் கூடிய உச்ச நேரம். வேன்கள் திரும்பும் நேரம் சரியாக அதற்குள் விழுகிறது. பெரிய கிடங்குகள் நடுத்தர மின்னழுத்தத்தில் இருந்தால், அரை மணி நேரச் சராசரியில் அந்த மாதம் மின்தேவை தொட்ட உச்சத்துக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஒரே ஒரு மாலை எல்லா வேனும் சேர்ந்து இழுத்தால் போதும், மாதம் முழுக்க அதன் பாரம் பில்லில் நிற்கும்.

வயரிங்கில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: எலக்ட்ரீஷியன் கைக்கு எட்டிய ஃபேஸிலேயே எல்லாச் சார்ஜரையும் கோத்துவிடுவார். 7 கிலோவாட் சார்ஜர் ஒற்றை ஃபேஸில் 32 ஆம்பியர் இழுக்கும். இரண்டு வேன் ஒரே ஃபேஸில் இருந்தால் 64, இணைப்பின் 60-ஐத் தாண்டிவிடும். பிரதான பிரேக்கர் நள்ளிரவில் விழும், காலை வரை யாருக்கும் தெரியாது. மூன்று ஃபேஸிலும் மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்துக் கோத்து, சுமை பங்கிடுவதையும் ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனியாக வைத்து, எந்த பே (வேன் நிற்கும் இடம்) எந்த ஃபேஸ் என்று சுவரிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இரவு வேலையில் கவனம் கேட்பது ப்ளக் மாட்டும் அந்த அரை நிமிடம். ப்ளக்கை உள்ளே தள்ளி, பூட்டு "டக்" என்று விழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். சார்ஜரின் விளக்கு நிறம் மாறுவதைப் பார்த்தால் போதாது; டாஷ்போர்டில் கிலோவாட் எண் வந்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். கால் மணி நேரம் கழித்து இன்னொரு சுற்று வர வேண்டும், ஏனென்றால் பல கோளாறுகள் சார்ஜ் தொடங்கிய பிறகுதான் வருகின்றன. வேனிலும் டைமர் வைத்து, சார்ஜரிலும் டைமர் வைத்தால் இரண்டின் நேரமும் பொருந்தாமல் எதுவும் ஏறாது. டைமர் ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும். இன்னொன்று: சுமை பங்கிடும் சார்ஜர் சில வேன்களைப் பூஜ்யத்துக்கு இறக்கிக் காக்க வைக்கும்போது, வேன் தூங்கிப்போய்த் தன் முறை வந்தும் எழுந்திருக்காது. பூஜ்யத்துக்குப் பதில் 6 ஆம்பியரைக் குறைந்தபட்சமாக வைத்தால் இந்தத் தொல்லை நின்றுவிடும். 6 ஆம்பியர் என்றால் 1.4 கிலோவாட், பத்து வேனுக்கும் 14. நம்முடைய 25-க்குள் அடங்கும்.

வாரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்து ப்ளக்கின் ஊசிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் தொடுப்பு தளர்ந்து சூடாகிறது என்று பொருள். அந்தக் கேபிளை அன்றே ஒதுக்க வேண்டும். தரையில் போட்டுவிட்டுப் போகும் கேபிள் மேல் அடுத்த வேன் ஏறும், அதன் மேலுறை விரிசல் விடும், விரிசலில் மழைத் தண்ணீர் இறங்கும். கொக்கி அடித்துச் சுருட்டி மாட்டுவதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. சார்ஜர் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறும். கேபிள் நுழையும் ஓட்டைகளை அடைக்காமல் விட்டால், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் நடுவில் பல்லி மாட்டிக் கரிந்து கிடப்பதைப் பார்க்க நேரும். கோலாலம்பூரைச் சுற்றிய, இடி மின்னல் அதிகமுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்பாய்ச்சல் தடுப்பானின் சிறு ஜன்னலையும் அதே சுற்றில் பார்த்துவிடலாம். பச்சை போய்ச் சிவப்பு வந்திருந்தால் அடுத்த இடிக்குப் பாதுகாப்பு இல்லை.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் வாரம் ஒருமுறையாவது 100 சதவீதம் வரை ஏற்ற வேண்டும். அதன் மின்னழுத்தம் நடுப்பகுதியில் ஏறாமல் இறங்காமல் நிற்பதால், முழுதாக ஏற்றினால்தான் வேனின் கணினிக்குக் கணக்கு நேராகும். அப்படிச் செய்யாத வேனில் "அண்ணே, 22 காட்டுச்சு, கெப்போங் தாண்டுறதுக்குள்ள 6 ஆயிடுச்சு" என்று போன் வரும். ஓட்டுநர் மேல் தப்பில்லை, மீட்டர்தான் தன் கணக்கை மறந்துவிட்டது.

நடுவழியில் நின்றுபோகும் வேன்களில் நிறைய, சின்ன 12 வோல்ட் பேட்டரியால் நிற்பவை. நாளுக்கு நூறு முறை கதவு திறக்கிறது, ஹசார்ட் விளக்கு எரிகிறது, கேமராவும் டிராக்கரும் எப்போதும் குடிக்கின்றன. ரெடி நிலையில் (ஓடத் தயாராக) இல்லாதபோது பல வேன்களில் பெரிய பேட்டரி அதற்கு ஊட்டுவதில்லை. பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருக்கும், வேன் மட்டும் செத்துக் கிடக்கும். ஒவ்வொரு வேனிலும் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று இருக்கட்டும்.

மழைக்கு வருவோம். பேட்டரி பெட்டிக்கு ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். அது புதிய பெட்டிக்கு. மூன்று வருடம் வேகத்தடையில் அடிவாங்கிய பெட்டிக்கு யாரும் உறுதி தர மாட்டார்கள். தண்ணீர் டயரில் பாதியை எட்டினால் திரும்பிவிடுவது நல்லது. மூழ்கிய வேனைச் சார்ஜில் போடக் கூடாது, மற்ற வண்டிகளோடு சேர்த்தும் நிறுத்தக் கூடாது. உப்பும் சேறும் காய்ந்த பிறகு நாள் கழித்துக்கூட உள்ளே கசிவு ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம். 2021 டிசம்பர் 18 ஷா ஆலாம் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, சார்ஜர் பெட்டியைச் சுவரில் எந்த உயரத்தில் மாட்டுவது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுவரின் பழைய தண்ணீர்க் கறைக்கு மேலே.

மின்சார வேனில் பிரேக் பேட் நெடுநாள் வரும், டயர் சீக்கிரம் தேயும்.

கடைசியாக, வேனை வீட்டுக்கு எடுத்துப்போகும் ஓட்டுநர்கள். பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் சார்ஜரில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய காசு. அதனால் வீட்டிலேயே மூன்று முனை ப்ளக்கில் ஏற்றப் பார்ப்பார். 13 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அது விட்டுவிட்டுப் பயன்படுத்தும் பொருளுக்கானது. இரவு முழுக்க 10 ஆம்பியர் இழுத்தால் பழைய சாக்கெட் உருகும், நீட்டிப்பு வயர் சுருளாகக் கிடந்தால் இன்னும் சீக்கிரம். அடுக்குமாடி ஃபிளாட்டில் பத்தாவது மாடியில் இருக்கிறவருக்கு அதுவும் இல்லை. அவருக்கு மின்சார வேன் ஒதுக்குவதற்கு முன் கேட்க வேண்டியது மூன்று: வண்டி எங்கே நிற்கும், அங்கே தனி 16 ஆம்பியர் இணைப்பு போட முடியுமா, அந்த யூனிட்டுகளுக்கான பணத்தைத் தனி மீட்டர் படி எந்தத் தேதியில் கொடுப்போம். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அந்த வேன் ஹப்பிலேயே நிற்கட்டும். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து எடுத்துக்கொள்வார், அதற்கான பெட்ரோல் காசைச் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.