புல்லட்டின் டைமிங் கவரும் ஒரு தாள் பேக்கிங்கும்

அப்பா 1987-இல் வாங்கிய புல்லட் 350 இன்னும் எங்கள் பெரம்பூர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. வார்ப்பிரும்புச் சிலிண்டர், வலது காலில் கியர், அவ்வப்போது தேய்த்துச் சரிசெய்ய வேண்டிய பிளாட்டினம் பாயிண்ட் என்று எல்லாமே பழைய அமைப்பு. இந்த வண்டி உருவான திருவொற்றியூர் எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அதனால் உதிரிபாகங்களுக்கு நான் ஒருபோதும் அலைந்ததில்லை. அலைந்ததெல்லாம் பொறுமையான கைகளைத் தேடித்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எஞ்சினின் வலப்பக்கப் பற்சக்கரங்களின் மேல் இருக்கும் டைமிங் கவரின் அடிவிளிம்பில் எண்ணெய் கசியத் தொடங்கியது. ஒரு பட்டறையில் கொடுத்தேன். அரை நாளில் வண்டி திரும்பி வந்தது. கவரைச் சுற்றிலும் சிலிகோன் பேஸ்ட் கரும்பு ஆலையில் பிதுங்கும் சக்கையைப் போல வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கசிவு நான்கு மாதம் நின்று, பிறகு முன்னைவிட அதிகமாகவே வந்தது. இந்த முறை நானே கழற்றுவது என்று முடிவு செய்ததற்குக் கசிவு மட்டும் காரணமன்று. வெளியே இவ்வளவு பேஸ்ட் பிதுங்கியிருந்தால் உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும் அல்லவா என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை.

பலர் டைமிங் கவரை வெறும் மூடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய புல்லட்டில் அது மூடியே அன்று. எண்ணெய்ப் பாதையின் ஒரு பகுதி. எண்ணெய்த் தொட்டி எஞ்சின் வார்ப்புக்குள்ளேயே, கிராங்க் அறைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து வரும் எண்ணெய், கவருக்கும் எஞ்சினுக்கும் இடையே வைக்கும் தாளான பேக்கிங்கில் உள்ள துளை வழியாகக் கவருக்குள் நுழைந்து, கவரிலேயே பொருத்தப்பட்டிருக்கும் பம்பை அடைந்து, அடியில் உள்ள கம்பளி ஃபில்டரைக் கடந்து, கிராங்க் தண்டின் முனை வழியாக, பிஸ்டனின் இணைப்புத் தண்டு கிராங்கோடு சேரும் பிக் எண்ட் பேரிங்குக்குப் போகிறது. அசையாத கவரிலிருந்து சுழலும் தண்டுக்குள் எண்ணெய் தாவும் அந்த இடத்தில் அதைச் சிதறாமல் பிடித்து அனுப்புவது ஒரு சிறிய தக்கை வளையம். அது நைந்துபோனாலோ பேக்கிங்கின் துளை அடைபட்டாலோ வெளியே ஒரு சொட்டும் கசியாது. உள்ளே பிக் எண்ட் மட்டும் வறண்டுபோய்த் தேயும். ஆகவே தரையில் சொட்டும் எண்ணெயைவிட, போக வேண்டிய இடத்துக்குப் போகாத எண்ணெய்தான் என்னை அஞ்ச வைத்தது.

எண்ணெயை வடித்துவிட்டு, கை தாராளமாகப் போய்வர வேண்டும் என்பதற்காக வலது ஃபுட்ரெஸ்ட்டையும் சைலன்சரின் வளைகுழாயையும் கழற்றினேன். பிறகு ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, பிஸ்டன் மேலே வந்து இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் எஞ்சினை நிறுத்தினேன். வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தம், வால்வுகளைத் திறக்கும் கேம்களின் மேல் இருக்கும்போது கவரை இழுத்தால், கேம் பற்சக்கரமும் கூடவே நழுவி வந்து, வால்வுகள் திறந்து மூடும் நேரமான டைமிங் மாறிவிடக்கூடும் என்பதே இதற்குக் காரணம். திருகுகளின் தலைப்பள்ளங்கள் பழைய கைகளால் சிதைந்திருந்தன. சாதாரண திருப்புளியை வைத்துப் போராடாமல், சுத்தியலால் தட்டத் தட்டத் திரும்பும் இம்பாக்ட் டிரைவரை வைத்தேன். இரண்டைத் தவிர எல்லாம் முதல் தட்டிலேயே இளகின. திருகுகள் எல்லாம் ஒரே நீளமல்ல. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு திருகையும் எடுத்த இடத்துக்கு நேராகவே அட்டையில் குத்தி வைத்தேன். நீளத் திருகு குட்டைத் துளையில் இறங்கினால் அடிமுட்டி நின்றுவிடும். இறுகியதாக நாம் நம்பிக்கொண்டிருப்போம், கவர் தளர்ந்தே இருக்கும். குட்டைத் திருகு ஆழமான துளையில் இரண்டு மூன்று மரைகளை மட்டும் பிடித்துக்கொண்டு, அலுமினியத்தையே பிய்த்துக்கொண்டு வரும்.

திருகுகள் வந்த பிறகும் கவர் அசையவில்லை. இங்கேதான் திருப்புளியை இடுக்கில் செருகி நெம்பத் தோன்றும். முன்பு யாரோ அப்படி நெம்பியிருக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் மெதுவாகத் தட்டியதில், பத்து நிமிடத்தில் கவர் பேஸ்ட்டை இழுத்துக்கொண்டு விலகியது.

உள்ளே பார்த்தது நான் பயந்தபடியே இருந்தது. தொட்டியிலிருந்து எண்ணெய் வரும் துளையில் பாதியை ரப்பர் போல இறுகிய பேஸ்ட் மறைத்திருந்தது. ஃபில்டரின் கம்பளியில் அதே பேஸ்ட்டின் துணுக்குகள் சோற்றுப் பருக்கைகளாக ஒட்டியிருந்தன. அந்த ஃபில்டர் மட்டும் இல்லாதிருந்தால் அவை பிக் எண்ட் வரை போயிருக்கும். கவரின் அடிவிளிம்பில், கசிந்த அதே இடத்தில், நெம்பிய திருப்புளியின் நகக்கீறல் நன்றாகத் தெரிந்தது. பேஸ்ட் அந்தக் கீறலை மறைக்கத்தான் பூசப்பட்டிருந்தது.

இந்த வேலையில் முக்கால் பங்கு நேரத்தைச் சுத்தம் செய்வதே எடுத்துக்கொண்டது. அலுமினிய முகத்தில் இரும்பைக் கொண்டு சுரண்டக் கூடாது. நான் மூங்கில் சீவலைக் கூராக்கி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன். துகள் உள்ளே விழாதபடி எஞ்சினின் துளைகளில் துணியை அடைத்திருந்தேன். அந்தத் துணித்துண்டுகளை எண்ணி வைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, எண்ணெய் தடவி, கவரின் முகத்தை எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்தேன். கீறலின் இருபுறமும் எழும்பி நின்ற மேடு மறைந்தது, பள்ளம் மட்டும் மயிரிழையாக எஞ்சியது. பள்ளம் போகும்வரை தேய்க்க ஆசைப்பட்டால் கவரும் அதிலுள்ள பம்பும் உள்ளே நெருங்கிவிடும் என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பேக்கிங்கை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினேன். வாங்கிய தாளைப் பழைய கவரின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, எண்ணெய்த் துளை ஒன்று பாதி விலகியிருந்தது. அதை அப்படியே போட்டிருந்தால் பேஸ்ட் செய்த அதே வேலையைத் தாள் செய்திருக்கும். துளையிடும் பஞ்ச் கருவியை வைத்து அத்துளையைச் சரியான அளவுக்குப் பெரிதாக்கினேன். தாளின் இரு முகங்களிலும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினேன். கிரீஸ் தடவிய தாள் அடுத்த முறை கிழியாமல் வரும். பேஸ்ட்டை அந்தக் கீறல் இருந்த அரை அங்குலத்தில், எண்ணெய்த் துளைகளுக்கு எட்டாத தொலைவில், விரல்நுனியால் ஒருமுறை மட்டும் தேய்த்தேன். தக்கை வளையத்தையும் புதிதாக மாற்றி, எண்ணெயில் நனைத்துப் பொருத்தினேன்.

கவரை மாட்டும்போது ஒரு நுட்பம் உண்டு. கவரில் உள்ள பம்புத் தண்டின் பற்கள் கிராங்க் முனையிலுள்ள வார்ம் என்னும் திருகுப் பல்லோடு கோத்துக்கொள்ள வேண்டும். கோக்காத நிலையில் திருகுகளை முறுக்கிக் கவரை இழுத்தால் பல் சேதமாகும். கேம் பற்சக்கரங்களின் புள்ளிக்குறிகள் நேராக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு கையால் கவரை அழுத்தியபடி மறு கையால் எஞ்சினை முன்னும் பின்னும் சிறிதே அசைத்தேன். கவர் தானாகவே உள்ளே போய் அமர்ந்தது. திருகுகளை விரலால் முழுவதும் ஓட்டிவிட்டு, எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்கினேன்.

உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. பம்பு மெதுவாகச் சுழல்வது. காலியாக இருக்கும் பாதை நிரம்ப நேரம் பிடிக்கும். ஃபில்டர் அறையில் எண்ணெயை ஊற்றி நிரப்பிவிட்டு, பிளக் இல்லாமலேயே கிக்கரை நிதானமாக மிதித்துக்கொண்டிருந்தேன். பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து, மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் குழாயின் மேல் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினேன். அரை நிமிடம் எதுவும் வரவில்லை. அந்த அரை நிமிடத்தில் நான் செய்த ஒவ்வொரு வேலையையும் மனத்துக்குள் மறுபடி கழற்றிப் பார்த்துவிட்டேன். பிறகு எண்ணெய் பளபளப்பாக ஊறி வந்தது. எஞ்சின் சூடாகி ஆறிய பிறகு திருகுகளை மீண்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்ததில் மூன்று திருகுகள் மட்டும் ஆளுக்குக் கால் சுற்று வாங்கின.

அன்றிரவு வண்டிக்கு அடியில் நாளிதழை விரித்துவைத்தேன். ஒரு வாரமாகியும் வலப்பக்கத் தாள் காய்ந்தே கிடக்கிறது. இடப்பக்கம், செயின் கேஸுக்கு அடியில், ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு கறை. அந்தக் கவரை நடுவில் ஒரே ஒரு நட்டும் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையமும்தான் பிடித்திருக்கின்றன. வளையத்தை வாங்கி வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டும்.