பிரீசெட்டின் பெயரில் 32 என்று ஏன் எழுதுகிறேன்

மேடை நிகழ்ச்சிகளில் மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே நின்று ஒலியைப் பிரித்துக் கட்டுப்படுத்தும் என் ப்ராசஸரில், நான் சேமித்து வைத்திருக்கும் பிரீசெட்டுகளின் (அமைப்புத் தொகுப்புகளின்) பெயர்கள் எல்லாமே 26 அல்லது 32 என்ற எண்ணில்தான் முடியும். அது பிரீசெட்டின் வரிசை எண் என்றே புதிதாக உடன் வேலை செய்ய வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது, அந்த பிரீசெட் எத்தனை டெசிபெல் கெயின் (உள்ளே வரும் மின்னழுத்தத்தைப் பெருக்கும் அளவு) உள்ள ஆம்ப்ளிஃபையருக்காக எழுதப்பட்டது என்பதைக் குறிக்கும் எண். இந்தப் பழக்கம் எனக்கு 2 சப்களை (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்களை) கருக்கிய பிறகுதான் வந்தது.

அன்று வழக்கமான ஆம்ப்ளிஃபையர் பழுதாகிவிட்டதால், அதைவிட வாட் குறைந்த வேறொன்றை இரவல் வாங்கி ரேக்கில் மாட்டினேன். வாட் குறைவுதானே, ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை என்று நினைத்தேன். நிகழ்ச்சி பாதி நடந்துகொண்டிருந்தபோது வார்னிஷ் தீயும் வாடை வந்தது. மறுநாள் கோனை இரண்டு கைகளாலும் சீராக அழுத்திப் பார்த்தபோது, உள்ளே உப்பிப்போன வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) காந்த இடுக்கில் உரசி மணல் அரைபடுவதுபோல் சத்தமிட்டது. அன்றைய இரவு முழுவதும் ப்ராசஸரில் ஒலி வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரின் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

கணக்கு எளிமையானது. 800 வாட், 8 ஓம் கொண்ட ஒரு சப்பின் முழு அளவை எட்டத் தேவைப்படும் மின்னழுத்தம், 800-ஐ 8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் 80 வோல்ட். 26 டெசிபெல் கெயின் என்றால் ஆம்ப்ளிஃபையர் உள்ளே வருவதை 20 மடங்காக்குகிறது. ஆகவே ப்ராசஸரின் லிமிட்டர் ஒலியை 4 வோல்ட்டில், அதாவது 14.3 டிபியூவில் (0.775 வோல்ட்டை 0 எனக் கொள்ளும் டெசிபெல் அளவு), நிறுத்தியாக வேண்டும். நான் இரவல் வாங்கியதோ 32 டெசிபெல், அதாவது 40 மடங்கு. அதே 4 வோல்ட் அங்கே 160 வோல்ட் ஆகிறது. வாட்டில் சொன்னால் 3200. அந்த ஆம்ப்ளிஃபையருக்கு அவ்வளவு தரும் திறன் இல்லைதான், ஆனால் தன்னிடம் இருந்த அனைத்தையும் தடையின்றிக் கொடுத்து முடித்தது. 32 டெசிபெலுக்கு லிமிட்டர் 8.2 டிபியூவில் இருந்திருக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதை இப்போது நான் அப்படியே நம்புவதில்லை. கெயின் சுவிட்சை யாராவது மாற்றியிருக்கலாம். சில மாடல்களில் கெயினுக்குப் பதிலாக 1.4 வோல்ட்டில் முழுத் திறன் என்று மட்டும் போட்டிருப்பார்கள், அங்கே வாட் கூடக் கூட கெயினும் கூடும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, குமிழ்களை முழுவதும் திறந்து, 60 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை 0.1 வோல்ட் அளவில் கொடுத்து, வெளியே மல்டிமீட்டரை வைத்தால் 4 வோல்ட் வந்தால் 32, 2 வோல்ட் வந்தால் 26. இதற்கு 5 நிமிடம்கூட ஆகாது. சாதாரண மல்டிமீட்டர்கள் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் ஒழுங்காகக் காட்டும் என்பதால் 1 கிலோஹெர்ட்ஸைத் தவிர்க்கிறேன்.

அட்டையில் போட்ட 800 வாட் என்பது ஆய்வகத்தில் சில மணி நேரம் தாங்கிய அளவு. பாட்டு முழு இரவும் ஓடும் என்பதால், நிதானமாக வேலை செய்யும் லிமிட்டரை அதிலிருந்து 3 டெசிபெல் கீழே வைத்து, நொடிப்பொழுது எகிறல்களைத் தடுக்கும் பீக் லிமிட்டரை மேலே தனியாக வைக்கிறேன். அட்டாக் நேரம், அதாவது லிமிட்டர் செயல்படத் தொடங்க எடுக்கும் நேரம், சப்புக்கு 16 மில்லி நொடி, உயர் ஒலிக்கான ஹார்னுக்கு 0.3 மில்லி நொடி. சப்பில் இதைக் குறைத்தால் லிமிட்டர் அலையின் வடிவத்தையே கடித்துத் துப்பும்.

ஒலியை சப், மிட் (நடுத்தர ஒலி), ஹார்ன் எனப் பிரிக்கும் கிராஸ்ஓவருக்குப் பெரும்பாலும் ஆக்டேவுக்கு 24 டெசிபெல் இறங்கும் லிங்க்விட்ஸ்-ரைலி வடிகட்டிதான் என் தேர்வு. சந்திக்கும் இடத்தில் இரு பக்கமும் 6 டெசிபெல் இறங்கி, ஒன்றுசேரும்போது சமமாக நிற்கும். ஆனால் அது மின்சாரத்தில் மட்டுமே அப்படி. டிரைவரின் (ஒலியை எழுப்பும் பாகத்தின்) சொந்த இறக்கமும், டிரைவர்கள் முன்பின்னாக இருக்கும் தூரமும் அந்தக் கணக்கில் இல்லை. ஹார்னின் டிரைவர் மிட் கோனைவிட 20 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் மிட்டுக்கு ஏறக்குறைய 0.58 மில்லி நொடி டிலே கொடுக்க வேண்டும். டேப்பால் அளந்த இந்த எண்ணில் தொடங்கி, இரண்டின் அளவையும் சமமாக்கி, ஹார்னின் போலாரிட்டியை (பிளஸ்-மைனஸ் திசையை) தலைகீழாக்கிவிட்டு, மைக் காட்டும் வரைபடத்தில் இரண்டும் சந்திக்கும் 1.2 கிலோஹெர்ட்ஸில் விழும் பள்ளம் மிக ஆழமாகும் வரை டிலேயை 0.02 மில்லி நொடியாக நகர்த்துகிறேன். பிறகு போலாரிட்டியைத் திருப்பினால் பள்ளம் இருந்த இடம் நிரம்பிவிடும். டேப்பை எடுக்கச் சோம்பல்பட்டால் 0.83 மில்லி நொடி, அதாவது ஒரு முழு அலை, தள்ளி இன்னொரு பள்ளம் காத்திருக்கும். அந்த ஓர் அதிர்வெண்ணில் அதுவும் அழகாகத்தான் தெரியும். அதன் மேலும் கீழும் உள்ள அதிர்வெண்களில் இரண்டின் ஃபேஸ் (அலையின் கட்டம்) கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றனவா என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஈக்யூ பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெட்டியின் குறை மட்டும் பிரீசெட்டுக்குள். அரங்கின் குறை நிகழ்ச்சியன்று மிக்ஸரில். இன்னொருவரின் பிரீசெட்டிலிருந்து எண்களைப் பார்த்து வேறு நிறுவனத்தின் ப்ராசஸரில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று: ஈக்யூ வளைவின் அகலத்தைக் குறிக்கும் க்யூ என்ற அளவை எல்லோரும் ஒரே மாதிரி வரையறுப்பதில்லை, ஒரே எண்ணுக்கு வேறு அகலம் வரும். எண்ணை நகலெடுக்காமல் வளைவை அளந்து ஒப்பிடுங்கள்.

பிரீசெட்டை ஏற்றியதும் ஒலியைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு வெளியீடாகத் திறந்து, சப்பில் சப்பும் மிட்டில் மிட்டும்தான் வருகின்றனவா என்று காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்கிறேன். ஹார்னின் கேபிளை அதுவரை வெளியேதான் தொங்கவிடுவேன்.