பிசகின கணுக்காலுக்கு தித் தா: மருந்தைவிட வரிசைதான் முக்கியம்

கணுக்கால் ஒருமுறை உள்பக்கம் மடங்கிவிட்டால் அதே கால் திரும்பத் திரும்ப மடங்குவது பாட்மின்டன், கால்பந்து ஆடுகிறவர்களுக்குப் பழகின தொல்லை. தென் சீனாவில் குவாங்டாங், ஹாங்காங் பக்கம் இதற்கென்றே இருக்கிற வைத்தியம் 'தித் தா'. விழுவது, அடிபடுவது என்று பொருள். குங்ஃபூ பள்ளிகளோடு சேர்ந்து வளர்ந்தது. குவாங்டாங்கின் ஃபோஷான் ஊர் வோங் ஃபெய் ஹுங் சண்டை வாத்தியார், தித் தா வைத்தியரும்கூட. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களும் சுளுக்கென்றால் சின்சே எனப்படும் சீன வைத்தியரிடம் போவதுண்டு.

மருந்துக்கு முன் ஒரு சோதனை. நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? கணுக்கால் எலும்பின் பின் ஓரத்தில், கீழ் 6 செ.மீ.க்குள் அழுத்தினால் சுரீரென்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே.

முதல் இரண்டு மூன்று நாள் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: வாங்கி வைத்திருக்கும் தைலத்தை அன்றைக்கே சூடு பறக்கத் தேய்ப்பார்கள், வீக்கம் இரட்டிப்பாகும். இந்தக் கட்டத்துக்குத் தித் தாவில் இருப்பது குளிர்ச்சியான பற்று, 'மூன்று மஞ்சள்' (சமையல் மஞ்சள் அல்ல, நிறம்). ரேவல்சின்னி (பெயரிலேயே சீனா இருக்கிறது), ஹுவாங் பாய் மரப்பட்டை, ஹுவாங் சின் வேர் மூன்றையும் சம அளவு பொடித்து, முட்டை வெள்ளைக்கருவில் குழைத்து, அரை செ.மீ. கனத்தில் பூசித் துணி சுற்ற வேண்டும். காய்ந்தால் தோலை இழுக்கும். அதற்கு முட்டைக்குப் பதில் வாசலினில் குழைப்பது தேவலை. அரித்தால் உடனே கழுவுங்கள். துணிமணியில் பட்ட மஞ்சள் கறை போகாது.

சீன வைத்தியர்களுக்கு ஐஸ் ஆகாது. ஐஸையும் ஓய்வையும் கட்டுப் போடுவதையும் 1978-ல் ஒரே விதியாக்கிப் பரப்பிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு மாற்றிச் சொன்னார். வலி தாங்காவிட்டால் முதல் நாள் 10 நிமிடம் வைப்பதில் தப்பில்லை.

சூடு தணிந்து ரத்தக்கட்டு நீலமானதும்தான் 'தித் தா ஜாவ்' என்கிற மருந்துச் சாராயம். குந்திரிக்கம், வெள்ளைப்போளம், குசும்பாப்பூ, தாங் குவெய் வேர், ரேவல்சின்னி: எல்லாம் சேர்த்து 100 கிராம், 50 சதவீத அரிசிச் சாராயம் 1 லிட்டர். பிசின்களான முதலிரண்டையும் ஃப்ரீசரில் வைத்துவிட்டு இடியுங்கள், இல்லாவிட்டால் உரலோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி ஜாடியில் இருட்டில் 6 வாரம், அவ்வப்போது குலுக்க வேண்டும். சாராயம் வீரியம் குறைந்தால் பிசின் கரையாமல் அடியில் தங்கிவிடும். சில பழைய செய்முறைகளில் நாபி என்கிற கிழங்கு சேரும். அது விஷம், தோல் வழியாகவும் ஏறும். வீட்டில் செய்தால் நாபியை விட்டுவிடுங்கள். எந்த ஜாவையும் புண்ணில் தடவக் கூடாது, குடிக்கவே கூடாது. ஜாடியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கடையில் கிடைக்கும் சிவப்புப்பூ எண்ணெய் வேறு சரக்கு. அதில் முக்கியமாக இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் இனத்து ரசாயனம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கும் அது வேண்டாம். தடவிவிட்டு இறுகக் கட்டினாலோ ஒத்தடம் கொடுத்தாலோ தோல் வெந்துபோகும்.

வீக்கம் வற்றியும் குளிரில் விறைத்து வலித்தால் மாக்ஸா. மாசிபத்திரி இனத்து இலையைச் சுருட்டிய குச்சியைக் கொளுத்தி, வெளிக் கணுக்கால் எலும்புக்கு முன்னால் சற்றுக் கீழே உள்ள குழியில் 3 செ.மீ. தள்ளிப் பிடிக்க வேண்டும், 10 நிமிடம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் இதன் பக்கம் போகக் கூடாது, சுட்டாலும் தெரியாது. குச்சியை மணலில் குத்தி அணையுங்கள்.

இவ்வளவு செய்தும் கால் மறுபடி மடங்கினால் ஜாவைக் குறை சொல்லிப் பயனில்லை. நீண்டுபோன தசைநாரை எந்தத் தைலமும் இறுக்காது. பாதம் சாய்வதை மூளைக்குச் சொல்லும் உணர்வும் அடிபட்டதில் மழுங்கியிருக்கும். அதைத் திரும்பப் பழக்க, மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சியான தாய்ச்சியில் ஒரு நிலை உண்டு: 'தங்கச் சேவல் ஒற்றைக்காலில்'. வெறுங்காலில், முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு காலுக்கு 30 விநாடி, மூன்று தடவை, தினமும் இரண்டு வேளை. ஆடாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடிச் செய்யுங்கள். முதல் நாள் 5 விநாடிகூடத் தாங்காது, பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.